பாலைவன மலைக்கு மேல் நிலா: வாடி ரம் போகும் தம்பிக்கு

தம்பி, நீ கேட்டது இதுதான். பிப்ரவரியில் ஜோர்டானுக்குப் போகிறாய், வாடி ரம் பாலைவனத்தில் நான்கு இரவு தங்கப்போகிறாய். அந்தி நேரத்தில் அந்தச் செம்மலைகளுக்கு மேல் நிலா ஏறுவதைப் படம் எடுக்க ஆசை. இங்கே மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில் நாலைந்து முறை முயன்று பார்த்தாயாம். ஒரு படத்தில் நிலா வெறும் வெள்ளைப் பொட்டாக இருக்கிறது, அடுத்ததில் மலை கரிக்கட்டையாகி விடுகிறது. "இன்னும் பெரிய லென்ஸ் வாங்கணுமா அங்கிள்?" என்று முடித்திருந்தாய்.

வாங்காதே. உன்னிடம் இருக்கும் 70–300 மில்லிமீட்டர் லென்ஸே போதும். நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். எல்லாமே பௌர்ணமி அன்று, ஏழே முக்காலுக்கு மேல் எடுத்தவை. அங்கேதான் தவறு. அந்த நேரத்தில் யார் எடுத்தாலும், எத்தனை ஆயிரம் வெள்ளி லென்ஸ் வைத்து எடுத்தாலும், அப்படித்தான் வரும்.

ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. நிலா என்பது நடுப்பகல் வெயிலில் கிடக்கும் ஒரு பாறை. தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. தேய்ந்த தார்ச்சாலையும் அவ்வளவுதான். ஆனாலும் அது வெயிலில் இருக்கிறது, நாம் இருட்டில் இருக்கிறோம், அதனால் பளிச்சென்று தெரிகிறது. உச்சி வானில் நிற்கும் முழுநிலாவுக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் துளை அளவு) 11, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/100 நொடி என்பது பழைய கணக்கு. மாலையானாலும் நடுநிசியானாலும் அந்தப் பாறையின் வெளிச்சம் மாறுவதில்லை. மாறுவது நம் தரைதான். சூரியன் இறங்கிய பிறகு தரை வெளிச்சம் மூன்று, நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகிக்கொண்டே போகும். நம் ஊரில் 20 நிமிடம் ஆனால் 50-இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆக, நிலாவின் வெளிச்சத்துக்கு மலையின் வெளிச்சம் இறங்கிவரும் நேரம் ஒன்று உண்டு. சூரியன் மறைவதற்கு ஐந்து நிமிடம் முன்பு தொடங்கி, மறைந்த பின் 10, 15 நிமிடம் வரை. அந்த நேரத்தில் நிலா ஏற்கெனவே மலைக்கு மேல் வந்து நிற்க வேண்டும். மலைக்குப் பின்னால் இருந்தால் பயனில்லை.

இதை எனக்கு முதலில் சொன்னது எந்தப் புத்தகமும் இல்லை, என் அம்மா. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர். எங்கள் தோட்டத்தில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, ஜெனரேட்டர்தான், இரவு பத்துக்கு நிறுத்திவிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கோயிலுக்குப் போய்விட்டு நடந்து வரும்போது அம்மா சொல்வார்: "பௌர்ணமிக்கு முந்தின நாளுன்னா பந்தம் வேணாம், இருட்டுறதுக்கு முன்னாடியே நிலா ஏறிடும். பௌர்ணமிக்கு மறுநாளுன்னா நிலா வர்ற வரைக்கும் கும்மிருட்டு." நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது என்பதைத்தான் அம்மா அப்படிச் சொன்னார். பௌர்ணமி அன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான் நிலா அடிவானத்தில் எழும். கடற்கரையில் நின்றால் அது சரி. மலை குறுக்கே இருந்தால் அது மலையைத் தாண்டி வருவதற்குள் இருட்டிவிடும். முந்தின நாளில் வெளிச்சம் இருக்கும்போதே நிலா மேலே நிற்கும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க உன் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும். ஒரு திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையில் 12 பாகை விலகல். பௌர்ணமித் திதி முடியும் கணத்தில் இரண்டும் நேர் எதிரெதிராக 180 பாகையில் நிற்கின்றன. ஒரு திதி ஏறக்குறைய ஒரு நாள் நீளம் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாகை. அப்படியானால் சூரியன் மறையும்போது பௌர்ணமித் திதி முடிய இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறதோ, அதில் பாதிதான் கிழக்கே நிலாவின் உயரம், பாகைக் கணக்கில். 12 மணி நேரம் மீதம் இருந்தால் ஏறத்தாழ 6 பாகை. இது தோராயம்தான், ஓரிரு பாகை கூடக் குறைய இருக்கும். ஆனால் எந்த மாலை என்று முடிவு செய்ய இது போதும். ஒன்றை மட்டும் கவனி. தமிழ்நாட்டு நாட்காட்டி இந்திய நேரத்தில் இருக்கும். நமக்கு இரண்டரை மணி நேரம் கூட்டவேண்டும், ஜோர்டானுக்கு இரண்டரை மணி நேரம் கழிக்கவேண்டும்.

அடுத்தது மலை எத்தனை பாகை உயரம் என்பது. மலை உயரத்தை உனக்கும் மலைக்கும் உள்ள தூரத்தால் வகுத்து 57-ஆல் பெருக்கு. நம் ஊரிலிருந்து தென்கிழக்கே தெரியும் கொர்பு மலை 2,183 மீட்டர். பேராக் மாநிலத்தில் அதுதான் உயரம், மலேசியத் தீபகற்பத்தில் தஹான் மலைக்கு அடுத்தது. இங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 4 பாகை. கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் அகலம் ஒரு பாகை, மூடிய முட்டி 10 பாகை. நிலாவோ அரைப் பாகைதான், சுண்டுவிரலில் பாதி. அந்த 4 பாகையை ஏற நிலாவுக்கு 16, 17 நிமிடம் ஆகும். செயலி காட்டும் உதய நேரத்தை நம்பி நீ அங்கே நின்றபோது நடந்தது இதுதான். செயலி சொல்வது மலையே இல்லாத சமவெளிக்கான நேரம்.

இந்தக் கணக்கைச் செய்யாமல் போய் நான் இழந்த ஒரு மாலையைச் சொல்கிறேன், உனக்கு அது நேரக்கூடாது. ரம் கிராமம் ஒரு பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. மேற்கே ஜெபல் ரம், கிழக்கே ஜெபல் உம் இஷ்ரின். இரண்டும் சுவர் போல நிமிர்ந்து நிற்கின்றன. கீழே கருங்கல் அடித்தளம், அதன் மேல் மணற்கல், மணற்கல்லில் இரும்புத் துரு கலந்திருப்பதால் அந்தச் சிவப்பு. போன முதல் மாலையே பௌர்ணமி. கிராமத்து ஓரத்தில் டிரைபாட்டை நிறுத்திவிட்டு, கிழக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரின் சிவப்பு மங்கியது, நீலமானது, கறுத்தது. வானத்தில் நட்சத்திரம் வந்துவிட்டது. நிலா மட்டும் வரவில்லை. வந்தபோது சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அறைக்குப் போய்த் தாளில் போட்டுப் பார்த்தேன். 700 மீட்டர் பாறை, இரண்டு கிலோமீட்டர் தூரம்: 19, 20 பாகை. அந்தச் சுவருக்கு அடியில் நின்றுகொண்டு அந்தியில் முழுநிலா கேட்டால் எப்படி வரும்? அதே பாறையிலிருந்து 10 கிலோமீட்டர் விலகி நின்றால் வெறும் 4 பாகை. எனவே அந்தப் பாலைவனத்துப் பெதூயின் இன ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடு: மாலையில் மலையடிவாரம் வேண்டாம், கிழக்கே மலை தூரத்தில் தெரியும் திறந்த மணல்வெளி வேண்டும். அவர்களுக்கு அந்த இடம் தெரியும். ஆனால் சூரியன் மறையும் காட்சிக்காக மேற்கே பார்த்த மேடுகளுக்குத்தான் எல்லோரையும் கூட்டிப் போவார்கள், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். நீ முதுகைச் சூரியனுக்குக் காட்டி நிற்கப்போகிறவன்.

விலகி நிற்பதில் இன்னொரு நன்மையும் உண்டு, உன் "பெரிய நிலா" ஆசைக்கு அதுதான் பதில். நிலாவின் குறுக்களவு 3,474 கிலோமீட்டர், தூரம் சராசரி 3,84,400 கிலோமீட்டர். வகுத்துப் பார், ஏறத்தாழ 110-இல் ஒரு பங்கு. நீ நிற்கும் இடத்திலிருந்து பாறை எவ்வளவு தூரமோ அதை 110-ஆல் வகுத்தால் வருகிற அகலம் நிலாவுக்குச் சமம். ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்றால் 45 மீட்டர் அகலப் பாறைக்கொம்பு நிலா அளவு தெரியும். 11 கிலோமீட்டர் தள்ளினால் 100 மீட்டர் முகடே நிலாவுக்குள் அடங்கும். நிலாவை யாராலும் பெரிதாக்க முடியாது, மலையைச் சிறிதாக்கலாம். அதே 110 லென்ஸுக்கும் பொருந்தும். 300 மில்லிமீட்டரில் சென்சாரில் விழும் நிலா 2.7 மில்லிமீட்டர். பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டக் கேமராவில் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு, உன்னுடைய சிறிய சென்சாரில் ஆறில் ஒரு பங்கு. மலையோடு சேர்த்துப் பார்க்க அது அழகான அளவு. 600 வைத்தால் மலை ஒரு கோடாகிவிடும், பாலைவனம் எங்கே போனது என்று தேடவேண்டும். அடிவானத்தில் நிலா பெரிதாகத் தெரிவது நம் கண்ணின் மயக்கம். கேமராவுக்கு அந்த மயக்கம் இல்லை.

நம் ஊர் பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோனால் இன்னொரு இடத்தில் தவறும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகைக்குள் இருக்கிறோம், நிலா இங்கே ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். வாடி ரம் 29, 30 பாகை வடக்கே. அங்கே நிலா சாய்ந்து, வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே ஏறும். 4 பாகை ஏறுவதற்குள் வலப்புறம் நாலைந்து நிலா அகலம் தள்ளிப் போயிருக்கும். "இந்த முகட்டுக்கு நேர் மேலே" என்று நீ அடிவானத் திசையை வைத்துத் தீர்மானித்தால் நிலா அடுத்த முகட்டில் எட்டிப்பார்க்கும். ஃபோட்டோபில்ஸ், ஸ்டெல்லேரியம் என்ற செயலிகள் இரண்டிலும் நேரத்தை நகர்த்திப் பார்க்கலாம். உதயத்தைப் பார்க்காதே, நிலா மலை உயரத்தைத் தொடும் நிமிடத்தில் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார். மாதமும் முக்கியம். டிசம்பர்ப் பௌர்ணமி வடகிழக்கில் எழும், ஜூன் பௌர்ணமி தென்கிழக்கில். இங்கே கொர்பு பக்கம் நிலாவைப் பிடிக்க நான் மே, ஜூனுக்குக் காத்திருப்பது அதனால்தான். உன் பிப்ரவரி நிலா கிழக்கிலிருந்து சற்று வடக்கே எழும்.

கேமராவில் என்ன வைப்பது என்று கேட்டாய். ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு), மேனுவல், வெள்ளைச் சமநிலை பகல் வெளிச்சத்தில். தானியங்கியில் விட்டால் அந்தியின் நீலத்தையும் இளஞ்சிவப்பையும் சலவை செய்துவிடும். ஐஎஸ்ஓ 100 அல்லது 200, எஃப் 8. ஷட்டரை 1/60-இல் தொடங்கு. அடிவானத்துக்கு அருகில் நிலா தடித்த காற்றின் ஊடே வருவதால் உச்சியில் இருப்பதை விட இரண்டு, மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) மங்கலாக இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் இன்னும் மங்கும், பாலைவனத்தின் வறண்ட காற்றில் குறைவு. படத்தைப் பெரிதாக்கி நிலாவின் கரும்படலங்கள் தெரிகின்றனவா என்று பார், ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) சிவப்பு வலது சுவரில் முட்டுகிறதா என்று பார். நிலாவைக் காப்பாற்று. மலை கொஞ்சம் இருண்டாலும் ரா கோப்பிலிருந்து மீட்கலாம், வெந்துபோன நிலாவை மீட்க முடியாது. ஒவ்வொரு நிமிடமும் ஒரு படம் எடு. நிலா தன் அகலத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும் என்பதால் ஒரு நிமிடம் என்பது அரை நிலா. 300-இல் கால் நொடிக்கு மேல் ஷட்டர் போகாதே, நிலாவின் விளிம்பு கரையும். ஃபோகஸ் பற்றிக் கவலை வேண்டாம். எஃப் 8-இல் 300 மில்லிமீட்டருக்கு 400, 600 மீட்டருக்கு அப்பால் உள்ள எல்லாமே நிலாவோடு சேர்ந்து கூர்மையாக இருக்கும். மலை முகட்டில் ஃபோகஸ் செய்து பூட்டிவிடு.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் கதை உனக்குப் பிடிக்கும். 1941-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் காரில் போய்க்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊருக்குப் பின்னால் பனிபடிந்த மலைத்தொடர், அதற்கு மேல் நிலா, முன்னால் கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில். வண்டியை நிறுத்திப் பெரிய கேமராவைக் கட்டினார், ஒளிமானி கிடைக்கவில்லை. தேட நேரமும் இல்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மனப்பாடமாகத் தெரிந்ததால், அதை வைத்தே கணக்கிட்டு எஃப் 32, ஒரு நொடி என்று எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தகட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது. ஒரே ஒரு நெகட்டிவ்தான். எடுத்த தேதியை அவரே சரியாகக் குறித்துவைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, படத்தில் நிலா நிற்கும் இடத்தை வைத்து டென்னிஸ் டி சிக்கோ என்பவர் கணக்கிட்டுச் சொன்னார்: 1941 நவம்பர் 1, மாலை 4.49. பௌர்ணமி வருவதற்கு முன்பு, சூரியன் இன்னும் மறையாத நேரம் என்பதைக் கவனி. அவரிடம் இருந்தது அதிர்ஷ்டம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நிலாவின் வெளிச்சம் மாறாது என்று அறிந்திருந்தார், அதனால்தான் அந்த ஒரு நிமிடத்தில் கை நடுங்கவில்லை.

நிலாவைத் தனியே பெரிதாக எடுத்து வேறு படத்தில் ஒட்டலாமா என்று உன் நண்பர் கேட்டதாகச் சொன்னாய். ஒரே சட்டத்தில், டிரைபாட்டை அசைக்காமல், அடுத்தடுத்த நொடிகளில் நிலாவுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று எடுத்து இணைப்பதை நான் செய்திருக்கிறேன், அதில் தப்பில்லை. கண் பார்த்தது அதுதான். 600-இல் எடுத்த நிலாவை 24-இல் எடுத்த மலைக்கு மேல் ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அங்கே அப்படி ஒரு நிலா எழுந்ததே இல்லை. சில கைபேசிகள் நிலாவைக் கண்டதும் தாமாகவே பள்ளங்களையும் கறைகளையும் தீட்டி நிரப்புகின்றன, அதையும் நம்பாதே.

பாலைவன அந்தியில் நிலாவை விடவும் எனக்கு நெஞ்சில் நின்றது கிழக்கு வானம். சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கிழக்கு அடிவானத்தில் சாம்பல்நீலப் பட்டை ஒன்று எழும். அது பூமியின் நிழல், நம் காற்றின் மேலேயே விழுகிறது. அதற்கு மேல் ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. இங்கே திதிவங்சா மலைத்தொடர் மேல் மாலையில் மேகம் குவிந்துவிடுவதால் எனக்கு அது அரிதாகவே கிடைத்திருக்கிறது, அதுவும் நல்ல மழை பெய்து காற்றைக் கழுவிய மாலைகளில். அங்கே வானம் தெளிந்திருந்தால் எந்த மாலையிலும் பார்க்கலாம். நிலா அந்த ரோஜாப் பட்டைக்குள் நிற்கும் இரண்டு மூன்று நிமிடம்தான் நீ போகிற பயணத்தின் சாரம். அப்போது கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

உன் நான்கு இரவில் மாலை தவறினால் விடியற்காலை இருக்கிறது. பௌர்ணமிக்கு மறுநாள் காலை, சூரியன் கிழக்கே எழும்போது நிலா மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். முதல் வெயில் மேற்கு மலையின் உச்சியில் பட்டு அது தணல் போலச் சிவக்கும், மேலே வெளிறிய நிலா. மாலையில் சுடுமணலிலிருந்து எழும் கானல் தொலைவு லென்ஸில் எல்லாவற்றையும் நெளிய வைக்கும். காலையில் அந்தத் தொல்லை கிடையாது. மலைக்கு அருகில் நிற்பதாக இருந்தால் இன்னும் ஒருநாள் தள்ளி, நிலா உயரத்தில் இருக்கும் காலையை எடுத்துக்கொள். உண்மையைச் சொன்னால் அங்கே நான் எடுத்ததில் நல்ல படம் காலையில் எடுத்ததுதான்.

தூசு பற்றி இரண்டு வார்த்தை. மணல்வெளியில் லென்ஸைக் கழற்றாதே. கூடாரத்துக்குள்ளேயே மாற்றிக்கொண்டு கிளம்பு. டிரைபாட்டின் நடுக்கம்பியை உயர்த்தாதே, அதில் ஒரு பை மணலைத் தொங்கவிடு, இரண்டு நொடி டைமரில் எடு. பிப்ரவரி இரவில் அங்கே நன்றாகக் குளிரும், மாற்று பேட்டரியைச் சட்டைப் பைக்குள் வை. திரும்பி வந்ததும் கேமராவை நம் ஊர் ஈரத்தில் அலமாரியில் போட்டுவிடாதே. பூஞ்சை பிடித்துப்போன இரண்டு லென்ஸ் என்னிடம் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். உலர்பெட்டியில் 40, 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்துவிடு.

போவதற்கு முன் இங்கே ஒருமுறை சேர்ந்து செய்துபார்ப்போம். பெரிய செம்பனைக்குள் நின்றால் வானமே தெரியாது, உனக்குத் தெரியும். ஆனால் பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்த தீம்பார் (தோட்டப் பகுதி) ஒன்று பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கன்றுகள் இன்னும் முழங்கால் உயரம்தான், கிழக்கே மலைத்தொடர் முழுக்கத் திறந்து கிடக்கிறது. 25 வருடத்துக்கு ஒருமுறைதான் அந்த இடம் அப்படித் திறக்கும், மூன்று நான்கு வருடத்தில் மட்டைகள் மறைத்துவிடும். அடுத்த சதுர்த்தசி, அதாவது பௌர்ணமிக்கு முந்தின திதி அன்று மாலை ஆறரைக்கு வா. தோட்டத்து மேற்பார்வையாளர் தண்டலிடம் நான் சொல்லி வைக்கிறேன். கார் ஏர்கோனில் கேமராவை வைத்துக்கொண்டு வராதே, இறங்கியதும் கண்ணாடியில் பனி படிந்து அரை மணி நேரம் போய்விடும். காரின் பின்பக்கப் பெட்டியில் வைத்துக்கொண்டு வா.